இருட்டில் பாடியது யார்? ஹை-ஃபை டெமோவின் நூறு வருடக் கதை

ஒரு பெரிய ஒடியோ கண்காட்சிக்குப் போனால் அங்கே செய்யேலாத வேலை ஒன்று இருக்கிறது: ஒப்பிட்டுப் பார்க்கிறது. கேட்க விசித்திரமாகத்தான் இருக்கும். நூற்றுக்கணக்கான கொம்பனிகள் ஒரே கூரைக்குக் கீழே வந்து நிற்கிறதே ஒப்பிடத்தானே என்று நினைப்போம். ஜேர்மனியின் மியூனிக் நகரில் 2004 முதல் 2025 மே வரை நடந்த 'ஹை எண்ட்' கண்காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அறைக்குள் ஆளுயர ஸ்பீக்கர், அதற்குப் பின்னால் வால்வு எரிகிற அம்ப்ளிஃபயர், மங்கலான வெளிச்சம். அடுத்த அறைக்குள் போனால் ஸ்பீக்கர் வேறு, அம்ப்ளிஃபயர் வேறு, வயர் வேறு, போடுகிற பாட்டு வேறு, சத்த அளவு வேறு, அறையின் நீள அகலமும் வேறு. வெளியில் வந்து "முதல் அறைதான் நல்லம்" என்று சொல்கிறோம். எது நல்லம்? ஸ்பீக்கரா, சுவரா, அவர்கள் தெரிந்தெடுத்த பாட்டா, எங்களுக்குக் கிடைத்த கதிரையா? ஒரே தரத்தில் ஆறு விஷயத்தை மாற்றிவிட்டு முடிவு எழுதினால் ஓ/எல் விஞ்ஞானப் பாடத்தில்கூட ரீச்சர் புள்ளி போடமாட்டார்.

(இதில இன்னொரு பகிடி, அந்த அறைகளில் ஆரோ ஃபோனில பதிஞ்ச வீடியோவ நாங்கள் இங்க யூடியூப்பில, இருக்கிற இயர்போனில கேட்டிட்டு, "பாஸ் சும்மா அதிருது" எண்டு கீழ கொமெண்ட் போடுறம்.)

எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஒலிக் கருவிகளைச் சனத்துக்குப் போட்டுக் காட்டுகிற வழக்கம் தொடங்கின காலத்தில் ஒப்பீடுதான் மேடையின் நடுவே நின்றது. அதுவும் மெஷினுக்கும் மெஷினுக்கும் நடுவில் நடந்த ஒப்பீடு இல்லை. மெஷினுக்கும் மனிசருக்கும் நடுவில் நடந்தது. அந்த ஒப்பீட்டை யார் நடத்தினார்கள், எப்படி நடத்தினார்கள், பிறகு அது ஏன் மேடையை விட்டு இறங்கியது என்று பார்த்தால், இன்றைக்கு ஒரு கடையில் ஹெட்போன் வாங்கப் போகிற எங்களுக்கும் அதில் கொஞ்சம் பங்கு இருப்பது தெரியும்.

தோமஸ் எடிசனிடமிருந்து தொடங்குவோம். ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தது அவர்தான் என்றாலும், 1910களில் இசைத்தட்டு வியாபாரத்தில் அவர் பின்தங்கிப் போயிருந்தார். போட்டிக் கொம்பனியான விக்டரிடம் கரூசோ போன்ற பெரிய பாடகர்கள் இருந்தார்கள். எடிசன் 1912இல் 'டயமண்ட் டிஸ்க்' என்ற புது வகைத் தட்டையும் அதைப் போடும் மெஷினையும் கொண்டுவந்தார். பெயர் பெற்ற பாடகருக்குக் காசு கொட்டுகிறதை விட ஒலியின் தரத்தை விற்கலாம் என்பது அவருடைய கணக்கு. பாடகர்களையும் அவரே கேட்டுத் தெரிவு செய்தார். குரல் நடுங்கினால் அவருக்குப் பிடிக்காது. இதில் வேடிக்கை என்னவென்றால் எடிசனுக்குக் காது சரியாகக் கேட்காது. மெஷினின் மரப் பெட்டியைப் பல்லால் கடித்துப் பிடித்து, எலும்பு வழியாக வரும் அதிர்வில்தான் அவர் பாட்டுக் கேட்பார். உலகத்தின் முதலாவது 'ஒடியோஃபைல்' பல்லால் பாட்டுக் கேட்டவர் என்று சொன்னால் பிழையில்லை என்று நினைக்கிறேன்.

தரத்தை விற்கிறது என்றால் தரத்தைக் காட்ட வேண்டும். 1915 முதல் அவருடைய கொம்பனி 'டோன் டெஸ்ட்' என்ற நிகழ்ச்சியை ஊர் ஊராக நடத்தத் தொடங்கியது. மேடையில் ஒரு மெஷின். பக்கத்தில் அந்தத் தட்டில் பாடிய அதே பாடகி நேரில். தட்டு ஓட, அவரும் சேர்ந்து பாடுவார். இடையில் வாயை மூடுவார், தட்டு தொடரும். திரும்பவும் பாடுவார். பிறகு மண்டபத்து விளக்கை அணைப்பார்கள். பாட்டு நிற்காமல் போகும். விளக்கு வரும்போது மேடையில் மெஷின் மட்டும் நிற்கும், பாடகி இல்லை! 1916 ஏப்ரலில் நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்திலேயே மரி ரப்போல்ட் என்ற ஒப்பரா பாடகியை வைத்து இப்படி ஒரு டெஸ்ட் நடந்தது. 1920களின் நடுப்பகுதி வரைக்கும் ஆயிரக்கணக்கான டோன் டெஸ்ட் நடந்தன. வித்தியாசம் தெரியவில்லை என்று பத்திரிகைகள் எழுதின.

இப்போது அந்தத் தட்டுகளைக் கேட்டுப் பாருங்கள், இணையத்தில் நிறையக் கிடக்கின்றன. ஒரு தகர டப்பாவுக்குள் இருந்து பாடுகிற மாதிரி இருக்கும். அப்போது மைக் கிடையாது. பாடகர் ஒரு பெரிய புனலுக்குள் பாட, அதன் முடிவில் இருக்கும் சவ்வு அதிர்ந்து, ஊசி மெழுகில் கீறும். அவ்வளவுதான். அடித்தொனியும் உச்சத்தொனியும் அந்த வழியால் வராது. இதைக் கேட்டுவிட்டா ஒரு மண்டபம் முழுக்க ஏமாந்தது?

விடையின் ஒரு பகுதியை டோன் டெஸ்ட்டில் அதிகம் பாடிய அன்னா கேஸ் என்ற பாடகியே பல வருடம் கழித்து, 1972இல் ஒரு நேர்காணலில் சொன்னார். அவர் முழுக் குரலில் பாடியிருந்தால் மெஷினை மேவியிருக்கும். ஆகவே மெஷினின் குரலுக்குத் தக்கபடி தன் குரலை மாற்றிப் பாடினாராம். அதாவது மெஷின் மனிசர் மாதிரிப் பாடவில்லை. மனிசர்தான் மெஷின் மாதிரிப் பாடப் பழகியிருந்தார். டோன் டெஸ்ட் பொய் என்று இதை வைத்து ஒரேயடியாகச் சொல்லவும் எனக்கு மனமில்லை. அன்றைய சனத்துக்குப் பதிவு செய்த குரல் என்பதே புதிது. இரைச்சலைத் தள்ளிவிட்டு அதற்குள் இருக்கிற குரலைக் கேட்கிற வேலையை அவர்களின் காது சந்தோஷமாகச் செய்திருக்கும். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும்: எதை எதோடு, எந்த இருட்டில், எந்தப் பாட்டை வைத்து ஒப்பிடுவது என்பதை எல்லாம் தீர்மானித்தது விற்கிறவர். கேட்க வந்தவர் கதிரையில் இருந்து கைதட்டினார்.

1925இல் மைக்கோடு மின்சாரப் பதிவு வந்ததும் எடிசனின் முறை பழசாகிவிட்டது. 1929இல் அவருடைய கொம்பனி இசைத்தட்டு வியாபாரத்தையே விட்டது.

அடுத்ததாக வந்தவர்கள் தொலைபேசிக்காரர். 1933 ஏப்ரல் 27ஆம் திகதி பெல் ஆய்வுகூடம் பிலடெல்பியா இசைக்குழுவை பிலடெல்பியாவிலேயே இருத்திவைத்து வாசிக்கச் செய்து, அந்த ஒலியை மூன்று தனித்தனி லைன் வழியாக வோஷிங்டனுக்கு அனுப்பி, அங்கே கொன்ஸ்ரிரியூசன் மண்டபத்தில் மூன்று ஸ்பீக்கர் தொகுதியில் போட்டுக் காட்டியது. வழக்கமாக அந்தக் குழுவை நடத்தும் ஸ்டொகொவ்ஸ்கி அன்றைக்கு வோஷிங்டனில் இருந்து சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார். பிலடெல்பியாவில் கோல் பிடித்தது வேறு ஒருவர். ஸ்டீரியோ என்று பிறகு வீட்டுக்கு வந்ததன் பெரிய ஒத்திகை இது.

அந்த நிகழ்ச்சியைவிட எங்கள் கதைக்கு முக்கியம், அதே பெல் ஆய்வுகூடத்தில் ஹார்வி ஃப்ளெட்சரும் வில்டன் மன்சனும் அதே 1933இல் வெளியிட்ட ஆய்வு. சத்தம் குறைவாக இருக்கும்போது எங்கள் காது அடித்தொனியையும் உச்சத்தொனியையும் சரியாகப் பிடிக்காது, சத்தம் கூடக் கூட அவை நிறைவாக வரும் என்று அவர்கள் அளந்து காட்டினார்கள். இதன் விளைவு என்ன? இரண்டு ஸ்பீக்கரைப் போட்டுக் காட்டும்போது ஒன்றை ஒரு டெசிபலுக்கும் குறைவாகக் கூட்டி வைத்தால், "இது சத்தம் கூட" என்று யாரும் சொல்லமாட்டார்கள். "இது தெளிவு, இது நிறைவு, இதில உயிர் இருக்கு" என்று சொல்வார்கள். நேர்மையான ஒப்பீடு என்றால் முதல் வேலை இரண்டின் சத்தத்தையும் மீற்றர் வைத்துச் சமப்படுத்துவது. இந்தச் சின்ன விஷயத்தைச் செய்யாமலே எத்தனையோ டெமோ நடந்திருக்கும், இன்றைக்கும் நடக்கிறது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் கில்பர்ட் பிரிக்ஸ். இங்கிலாந்தின் யோர்க்ஷயர்காரர், 1890இல் பிறந்தவர். பாதி வாழ்க்கையைத் துணி வியாபாரத்தில் கழித்தவர். 1932இல், நாற்பது வயது தாண்டின பிறகு, இல்க்லி என்ற ஊரில் தன் வீட்டு நிலவறையில் ஸ்பீக்கர் செய்யத் தொடங்கினார். அதுதான் வார்ஃப்டேல் கொம்பனி. பொறியியல் படித்தவர் இல்லை, ஆனால் பியானோ என்றால் உயிர். 1948இல் ஸ்பீக்கர் பற்றிச் சாதாரண ஆட்களுக்கு விளங்குகிற மாதிரி, இடையிடையே பகிடி விட்டு ஒரு புத்தகம் எழுதினார். அது நன்றாக விற்றது.

1954 நவம்பர் 1ஆம் திகதி பிரிக்ஸ் ஒரு துணிச்சலான வேலை செய்தார். லண்டனில் மூன்று வருடத்துக்கு முன்னர்தான் திறந்திருந்த ரோயல் ஃபெஸ்டிவல் மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார். கிட்டத்தட்ட 3000 பேர் இருக்கிற இடம். முழு இசைக்குழு வாசிக்கக் கட்டின மேடையில், வீட்டு ஹோலில் வைக்கிற அளவான தன் ஸ்பீக்கர்கள் சிலவற்றைக் கொண்டுபோய் வைத்தார். அம்ப்ளிஃபயருக்கு 'குவாட்' கொம்பனியின் பீற்றர் வோக்கர் துணை. அவர் கொண்டுவந்த குவாட் II ஒவ்வொன்றும் 15 வாற்ஸ்தான். எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒரு தூணில் கட்டுகிற ஸ்பீக்கருக்கே அது காணாது. காசு கொடுத்து ரிக்கெற் வாங்கி மண்டபம் நிறையச் சனம் வந்தது. சனம் வந்தது ஒரு கொன்சேட் பார்க்க இல்லை, ஸ்பீக்கர் கேட்க! அடுத்த வருடம் ஒக்ரோபரில் பிரிக்ஸ் கடல் தாண்டிப் போய், எடிசனின் பாடகி நின்ற அதே கார்னகி மண்டபத்தில் இதையே செய்தார்.

பிரிக்ஸின் நிகழ்ச்சிகளிலும் நேரில் வாசிப்பவர்கள் இருந்தார்கள், பதிவும் இருந்தது, மாற்றி மாற்றிக் கேட்கலாம். ஆனால் இருட்டு இல்லை, மாயாஜாலமும் இல்லை. விற்பனைக்குத்தான் செய்தார், அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் தோற்கக்கூடிய ஒரு ஒப்பீட்டை 3000 பேருக்கு முன்னால் வைத்தார் என்பது சாதாரணம் இல்லை. பியானோ பக்கத்திலேயே நிற்கிறது. ஸ்பீக்கரில் வருகிற பியானோ பிழைத்தால் முன்வரிசையில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

அதே காலத்தில் இன்னொரு வழக்கம் சத்தமில்லாமல் வளர்ந்தது. 1949 ஒக்ரோபரில் நியூயோர்க்கில் 'ஹொட்டேல் நியூயோர்க்கர்' என்ற பெரிய விடுதியில் முதலாவது 'ஒடியோ ஃபெயார்' நடந்தது. 1956 ஏப்ரலில் லண்டனில் வோஷிங்டன் ஹொட்டேலில் ஒன்று. ஏன் விடுதி? கதவும் சுவரும் உள்ள நிறையச் சின்ன அறைகள் ஒரே இடத்தில் வேறெங்கே கிடைக்கும்? கட்டிலைத் தூக்கி வெளியில் வைத்தால் ஹோல் ரெடி. ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒரு அறை, அந்த அறைக்குள் அவர்களின் சாமான் மட்டும். சனம் வராந்தா வழியாக ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போகும். இங்கே ஒப்பீடு மேடையில் நடப்பதில்லை. வராந்தாவில் நடந்துபோகிற ஆளின் ஞாபகத்தில் நடக்கிறது. ஒலி பற்றின ஞாபகம் எவ்வளவு கெதியாக மங்கும் என்பது தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பலவீனமான ஒப்பீடு என்று விளங்கும். மண்டப வழியும் வராந்தா வழியும் ஒரு பத்துப் பதினைந்து வருடம் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. கடைசியில் வென்றது வராந்தா. மியூனிக்கில் 2025 வரை நீங்கள் கண்டது ஹொட்டேல் நியூயோர்க்கரின் பேரப்பிள்ளை.

மண்டப வழியின் கடைசிப் பெரிய ஆள் எட்கர் வில்ச்சர். நியூயோர்க்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். அதுவரை ஆழமான அடித்தொனி வேண்டுமென்றால் குளிர்சாதனப் பெட்டி அளவில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி வேண்டும். வில்ச்சர் பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்து, உள்ளே அகப்பட்ட காற்றையே ஒரு ஸ்பிரிங் மாதிரிப் பாவித்து, புத்தகத் தட்டில் வைக்கிற அளவுப் பெட்டிக்குள் அந்த ஒலியைக் கொண்டுவந்தார். 1954இல் ஹென்றி க்ளொஸ் என்பவரோடு சேர்ந்து 'அக்கூஸ்டிக் றிசேர்ச்', சுருக்கமாக ஏஆர், என்ற கொம்பனியைத் தொடங்கினார். 1958இல் வந்த ஏஆர்-3 அவர்களின் பெயர்போன ஸ்பீக்கர்.

இதைச் சனம் நம்ப வேண்டுமே. 1950களின் கடைசியில் இருந்து ஏஆர் அமெரிக்காவில் நகரம் நகரமாகப் போய் நேரடி இசையையும் பதிவையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தது. மேடையில் 'ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட்' என்ற நால்வர் குழு: இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. பக்கத்தில் ஏஆர்-3 சோடி. கொஞ்ச நேரம் அவர்கள் வாசிப்பார்கள். பிறகு ஒலிநாடா தொடரும், ஆனால் அவர்கள் வில்லை தந்தியில் படாமல் அசைத்துக்கொண்டே இருப்பார்கள். எந்த இடத்தில் மாறியது என்று பலரால் பிடிக்க முடியவில்லை என்று வந்தவர்கள் எழுதினார்கள். இதற்குள் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு மண்டபத்தில் பதிந்ததை இன்னொரு மண்டபத்தில் போட்டால் எதிரொலி இரண்டு தரம் வரும், காது உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே எதிரொலி படாமல் பதிந்த நாடாவைத்தான் பாவித்தார்கள். மண்டபத்தின் ஒலியை அந்த மண்டபமே சேர்த்துக்கொள்ளும்.

எடிசன் செய்ததும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன், ஆனால் வித்தியாசம் பெரிது. இங்கே வயலின்காரர் ஸ்பீக்கர் மாதிரி வாசிக்கத் தேவை இருக்கவில்லை. அதோடு ஏஆர் இன்னொன்றும் செய்தது. நியூயோர்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு இசை அறை திறந்து வைத்தது. ரயிலுக்குக் காத்திருக்கிற யாரும் வந்து ஏஆர் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டுவிட்டுப் போகலாம். அங்கே எதுவும் விற்கமாட்டார்கள். வாங்க வேண்டுமென்றால் வேறு கடைக்குப் போக வேண்டும். விற்கிறவர் பக்கத்தில் நின்று முகத்தைப் பார்க்காத ஒரு டெமோ. இன்றைக்கு எந்தக் கண்காட்சியில் இப்படி ஒரு அறை இருக்கும்?

வில்ச்சர் 1967இல் கொம்பனியை விற்றார். பிறகு அவர் போன வழி ஒடியோ ஆட்களுக்கே அதிகம் தெரியாது. காது குறைந்தவர்களுக்கான கருவிகளில் இறங்கினார். அந்தக் காலத்துக் காதுக் கருவி எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருப்பிக்கும். மெல்லிய பேச்சு கேட்கும்போது பாத்திரம் விழுகிற சத்தம் மண்டையைப் பிளக்கும். தொனிகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அந்தக் காதுக்கு ஏற்றபடி தனித்தனியே அமுக்கிப் பெருப்பிக்கும் முறையை அவர் 1973இல் வெளியிட்டார். காப்புரிமை எடுக்கவில்லை, யாரும் செய்யட்டும் என்று விட்டுவிட்டார். இன்று உலகத்தில் எத்தனையோ அம்மம்மா அம்மப்பாக்களின் காதில் இருக்கிற கருவிக்குள் அந்த யோசனை ஓடுகிறது.

சரி, மண்டப வழி ஏன் தோற்றது? ஒரு காரணம் பாட்டு மாறிவிட்டது. வயலினுக்கு ஒரு அசல் உண்டு, மேடையில் வைத்து ஒப்பிடலாம். 1960களின் கடைசியில் இருந்து பாட்டு ஸ்ரூடியோவுக்குள்ளேயே கட்டப்பட்டது. எலெக்ட்ரிக் கிற்றாரின் அசல் சத்தமே ஒரு ஸ்பீக்கரில் இருந்துதான் வருகிறது. எங்கட சினிமாப் பாட்டையே பாருங்கோ: பாடகர் ஒரு நாள், புல்லாங்குழல் இன்னொரு நாள், தாளம் கொம்பியூட்டருக்குள்ள. அந்த எல்லாரும் ஒரே மேடையில ஒருக்காலும் நிண்டதில்லை. அசல் எங்கே என்று கேட்டால் விடை இல்லை. ஒப்பிட நேரடி இசை இல்லாதபோது ஒரு மெஷினுக்கு இன்னொரு மெஷின்தான் அளவுகோல்.

மற்றக் காரணம் விற்பனை. 1973இல் ஸ்கொட்லாந்தில் தொடங்கின 'லின்' கொம்பனி ஒரு புது வாதத்தைக் கொண்டுவந்தது. கடையில் வரிசையாக இருபது ஸ்பீக்கரை அடுக்கி ஸ்விட்ச் போட்டு மாற்றிக் காட்டுவது பிழை, ஏனென்றால் ஓடாத ஸ்பீக்கர்களின் கூம்புகளும் சேர்ந்து அதிர்ந்து ஒலியைக் கெடுக்கும், ஆகவே அறையில் ஒரு சோடி மட்டுமே இருக்க வேண்டும் என்றார்கள். அதில் கொஞ்சம் பௌதிகம் உண்டு. ஆனால் அதன் நடைமுறை விளைவு, ஸ்விட்ச் கடையை விட்டுப் போய்விட்டது. ஸ்விட்ச் இருந்த இடத்துக்கு விற்கிறவரின் கதை வந்தது. சஞ்சிகைகளும் கை கொடுத்தன. ஜே. கோர்டன் ஹோல்ட் 1962இல் 'ஸ்டீரியோஃபைல்' தொடங்கினார், ஹாரி பியர்சன் 1973இல் 'தி அப்சொலூட் சவுண்ட்' தொடங்கினார். இருவருமே நேரடி இசைதான் அளவுகோல் என்று சொன்னவர்கள்தான். ஆனால் அந்த நேரடி இசை இப்போது மேடையில் இல்லை, விமர்சகரின் ஞாபகத்தில் இருந்தது. அவருக்குக் காது இருக்கிறது, நீங்கள் நம்ப வேண்டும்.

இந்த "காது இருக்கிறது" என்ற கதையில்தான் எனக்குக் கோபம். பத்தாயிரம் டொலர் சாமானுக்கும் ஆயிரம் டொலர் சாமானுக்கும் வித்தியாசம் கேட்கவில்லை என்று ஒருவர் சொன்னால், சாமானில் குறை தேடமாட்டார்கள், சொன்னவரில் தேடுவார்கள். உனக்குக் காது பழகவில்லை, உன் வீட்டு செட் காணாது. வசதி இல்லாதவரை ரசனை இல்லாதவர் ஆக்குகிற இந்த வித்தை ஒடியோவுக்கு மட்டும் உரியது இல்லை, எங்கள் சபாக்களிலும் கண்டிருப்பீர்கள்.

இதற்கு எதிராக ஒரு எளிய கருவி வந்தது: திரை. எடிசன் விளக்கை அணைத்தது பாடகி ஒளித்துக்கொள்ள. இவர்கள் மறைத்தது விலையையும் பெயரையும். 1978இல் குவாட் கொம்பனிக்காக ஜேம்ஸ் மொயர் என்ற பொறியியலாளர் ஒரு சோதனை நடத்தினார். 1950களின் வால்வு அம்ப்ளிஃபயர், 60களின் ட்ரான்சிஸ்டர், 70களின் ட்ரான்சிஸ்டர், மூன்றும் குவாட் செய்தவை. எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டபோது, காசு சுண்டிப் போட்டுச் சொன்னதைவிடக் கேட்டவர்களின் விடை மேலாக இருக்கவில்லை. தன் புதுச் சாமான் பழையதைவிட நல்லது என்று சொல்ல வேண்டிய வியாபாரியே இந்தச் சோதனைக்கு நின்றான் என்பதைக் கவனியுங்கள். பீற்றர் வோக்கர், பிரிக்ஸோடு மேடை ஏறின அதே ஆள். 1982இல் டேவிட் கிளார்க் 'ஏபிஎக்ஸ்' பெட்டி பற்றிய ஆய்வை வெளியிட்டார். ஏ தெரியும், பி தெரியும், எக்ஸ் இந்த இரண்டில் எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். நடத்துகிறவருக்கும் விடை தெரியாது. 1985இல் பொப் கார்வர் என்ற அம்ப்ளிஃபயர் செய்கிறவர் ஸ்டீரியோஃபைல் ஆசிரியர்களுக்குச் சவால் விட்டார்: உங்களுக்குப் பிடித்த விலை கூடின அம்ப்ளிஃபயரைத் தாருங்கள், என் மலிவான அம்ப்ளிஃபயரை அதே மாதிரிப் பாடவைக்கிறேன். விடுதி அறையில் இரண்டு நாள் இருந்து, இரண்டின் வித்தியாசத்தை மட்டும் அளந்து அளந்து குறைத்தார். கடைசியில் ஆசிரியர்கள் தங்களால் பிரித்தறிய முடியவில்லை என்று தங்கள் சஞ்சிகையிலேயே எழுதினார்கள். எழுதினதற்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

திரைக்காரர் எல்லாம் ஒன்று என்று சொல்லுகினம் எண்டு சிலர் விளங்கிக்கொள்கிறார்கள். அது சரியில்லை. மறைத்துக் கேட்டபோது அம்ப்ளிஃபயர் வித்தியாசங்கள் சுருங்கினது உண்மை, ஆனால் ஸ்பீக்கர் வித்தியாசம் சுருங்கவில்லை. கனடாவின் தேசிய ஆராய்ச்சிச் சபையில் பல வருடம் இதையே செய்த ஃபுளோய்ட் டூல், மறைத்துக் கேட்கும்போது சாதாரண ஆட்களும் அனுபவசாலிகளும் பெரும்பாலும் ஒரே ஸ்பீக்கர்களைத்தான் விரும்புகிறார்கள் என்று கண்டார். எந்தத் தொனியையும் தூக்காமல் அமுக்காமல் சமனாகத் தருகிற ஸ்பீக்கர்கள் அவை. காது எல்லாருக்கும் இருக்கிறது. டூல் பிறகு ஹார்மன் கொம்பனிக்குப் போனார். 1994இல் ஷோன் ஒலிவோடு சேர்ந்து அங்கே வேலைசெய்கிற 40 பேருக்கு நான்கு ஸ்பீக்கர்களை ஒருதரம் மறைத்தும் ஒருதரம் காட்டியும் போட்டார். அதில் ஒன்று சின்ன, விலை குறைந்த செட். மறைத்தபோது அது மரியாதையான புள்ளி எடுத்தது. கண்ணால் கண்டதும் புள்ளி சரிந்தது, பெரிய அழகான பெட்டிகளின் புள்ளி ஏறியது. அந்த 40 பேரும் ஒடியோக் கொம்பனியில் வேலை செய்பவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

திரைக்கு எதிரான வாதங்களும் உண்டு, எல்லாம் குப்பை இல்லை. பரீட்சை மாதிரி இருந்து கேட்டால் பதற்றத்தில் நுணுக்கம் தப்பும் என்பார்கள், இருக்கலாம். வித்தியாசம் பிடிபடவில்லை என்பதால் வித்தியாசமே இல்லை என்று ஆகாது என்பதும் தர்க்கப்படி சரி. ஆனால் கதவைத் திறந்ததும் "இரவும் பகலும் மாதிரி" வித்தியாசம் என்று எழுதுகிற ஒருவர், திரை விழுந்ததும் பதற்றத்தைக் காரணம் சொன்னால் என்ன செய்யிறது? ஸ்டீரியோஃபைலைத் தொடங்கின ஹோல்ட்டே 2007இல், இறப்பதற்கு இரண்டு வருடம் முன்னர், இந்தத் தொழில் மறைத்துக் கேட்கிற அடிப்படை நேர்மைச் சோதனைக்கு உடன்படாமல் தன் மரியாதையைத் தானே கெடுத்துக்கொண்டது என்று தன் பழைய சஞ்சிகைக்கே நேர்காணல் கொடுத்தார்.

மியூனிக் கண்காட்சி 2025 மேயோடு முடிந்தது, 2026க்கு வியன்னா என்று அறிவித்தார்கள். நகரம் மாறினாலும் அறை அறையாகப் பிரிக்கிற முறை மாறப்போவதாகத் தெரியவில்லை. இந்த மாதிரி இடங்களுக்குத் தொடர்ந்து போகிற விவரமான ஆட்கள் ஒரு பென் ட்ரைவில் தங்களுக்கு வருடக்கணக்காகப் பழகின ஒரே பாட்டைக் கொண்டுபோய், ஒவ்வொரு அறையிலும் அதையே போடச்சொல்லிக் கேட்கிறார்கள். ஃபோனில் சத்தம் அளக்கிற அப் ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லம். ஆறு விஷயத்தில் இரண்டையாவது பிடித்து வைக்கலாம். ஹெட்போன் கடையிலும் இதைச் செய்யலாம், செலவு ஒன்றுமில்லை. இரண்டாவதைப் போட முதல் சத்தத்தைச் சமப்படுத்தித் தரச்சொல்லுங்கோ. விலையை அதுக்குப் பிறகு கேளுங்கோ.